பரிமாறுகிறவன் வாய்

நாற்பது வருஷம் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் அடுப்பை ஆண்டவர் அவர். வேளைக்கு நானூறு தட்டு. ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் எல்லாரும் அவரை மாஸ்டர் என்றே கூப்பிட்டார்கள். அவரும் அந்தப் பெயருக்குத்தான் திரும்பிப் பார்த்தார். அவருடைய அப்பாவும் மாஸ்டர். தாத்தாவும் கரண்டி பிடித்த கைதான். மூன்று தலைமுறையாக அந்தக் குடும்பத்துச் சாப்பாட்டை எவரும் தட்டோடு தள்ளியது கிடையாது.

தள்ளிய முதல் ஆள் அவருடைய சொந்தப் பேத்தி. வயது ஆறரை மாதம். வாயில் பல் ஒன்றுகூட இல்லை.

யார் எதை நீட்டினாலும் புருவத்தைச் சுருக்கி மேலும் கீழும் பார்ப்பதால் வீட்டில் அவளுக்கு மேனேஜர் என்று பெயர். அதுவரை தாய்ப்பால் மட்டும்தான். மருமகள் பஸ் டிப்போவில் டைம் கீப்பர். அவளுடைய விடுப்பு முடிந்து, வருகிற திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டும். மகனுக்கு லாரி ஓட்டும் வேலை. வாரத்தில் நாலு நாள் சாலையில்தான் குடித்தனம். மாஸ்டரின் மனைவி போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகிறது. ஆக, மத்தியானம் மேனேஜருக்கு யார் சோறூட்டுவது என்ற கேள்வி எழுந்தது.

"இதுக்கு ஏன் மண்டையை உடைச்சுக்கிறீங்க?" என்றார் மருமகளின் அப்பா. மூன்று தெரு தள்ளிக் கடிகாரம் பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவர். "பகல்ல எங்க வீட்ல விட்டுடுங்க. டப்பா மாவு வாங்கி வெச்சிருக்கேன். வெந்நீர்ல கலக்கினா ரெண்டு நிமிஷம், வேலை முடிஞ்சுது."

மாஸ்டரின் முதுகு ஏற்கெனவே நிமிர்ந்த முதுகு. அது இன்னும் ஓர் அங்குலம் நிமிர்ந்தது.

"நானூறு பேருக்குப் பொங்கிப் போட்டவன் வீட்டுப் பிள்ளை, டப்பா திறந்து சாப்பிடணுமா சம்பந்தி? திங்கட்கிழமைக்குள்ள அவ என் கையால கிண்ணம் காலி பண்ணுவா. பண்ணலேன்னா நானே தூக்கிட்டு வந்து உங்க வீட்ல விடறேன். போதுமா?"

சொல்லியாகிவிட்டது. சிந்திய பாலை அள்ளினாலும் அள்ளலாம், அந்த வீட்டில் சொன்ன சொல்லை அள்ள முடியாது.

செவ்வாய்க்கிழமை கேரட். ஆவியில் வேகவைத்து, மசித்து, வெள்ளைத் துணியில் வடிகட்டி, வெண்ணெய் மாதிரி கொண்டுவந்து வைத்தார். மேனேஜர் உதட்டை ஒட்டிக்கொண்டாள். புதன்கிழமை உருளைக்கிழங்கு. ஒரு கரண்டி எப்படியோ உள்ளே போனது. போன வேகத்தில் நாக்கு அதை வெளியே அனுப்பிவைத்தது. வியாழக்கிழமை ஆப்பிள். கிண்ணம் சுவரில் பட்டுத் திரும்பியது.

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு சும்மாவா சொன்னாங்க," என்று மாஸ்டர் முணுமுணுத்தார். ஒரு வயது வரை உப்பு கூடாது என்று கிளினிக் நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். ஒரு சிட்டிகை போட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? ஆனாலும் அவர் உப்பு ஜாடியை எடுத்து மேல் அலமாரியில் ஏற்றிவிட்டார். திருட்டுத்தனமாக ஜெயிப்பது அவர் குடும்பத்தில் பழக்கமில்லை.

ஊட்டும் விதத்திலும் அவர் குறை வைக்கவில்லை. துவைத்த துண்டு தோளில். குழந்தையின் உயர நாற்காலிக்கு எதிரே விறைப்பாக நிற்பார். கரண்டி சிந்தாமல் சமமாக வரும். முகத்தில் அசைவிருக்காது. உதடுகள் பூட்டுப் போட்ட மாதிரி இருக்கும். பரிமாறுகிறவன் வாய் மூடியிருக்க வேண்டும். இது அவர் அப்பா வைத்த சட்டம். பேசினால் எச்சில் தெறிக்கும், மென்றால் மானம் போகும். பதினாலு வயதில் பரிமாறும்போது கொட்டாவி விட்டதற்காக முதுகில் ஒன்று வாங்கியவர். அதற்குப் பிறகு கரண்டியும் கையுமாக நிற்கையில் அவர் பல்லை யாரும் பார்த்ததில்லை.

"மாமா, நீங்களும் கொஞ்சம் 'ஆ' காட்டுங்களேன்," என்றாள் மருமகள்.

அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பதில் சொன்னார். "பரிமாறும்போது வாயைப் பிளக்கிறதா? நல்லா இருக்கும்மா."

வெள்ளிக்கிழமையும் தோல்வி. சனிக்கிழமை மத்தியானம் சம்பந்தி வந்தார். கையில் ஒரு துணிப்பை. பைக்குள்ளே டப்பா இருப்பது வெளியிலிருந்தே தெரிந்தது.

"சும்மா எட்டிப் பார்க்கலாம்னு..."

"சாப்பாட்டு நேரம். உட்காருங்க," என்றார் மாஸ்டர். எதிரியே ஆனாலும் அந்த வீட்டிலிருந்து பசியோடு திரும்பக் கூடாது. மேஜையில் தட்டு வைத்துச் சோறும் முட்டையும் பரிமாறினார். குழந்தைக்கு வேகவைத்த பூசணியிலும் பாதி சம்பந்தியின் தட்டுக்குப் போனது. பிறகு தம் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பேத்தியின் முன்னால் போய் நின்றார்.

சம்பந்தி சாப்பிடுவது ஒரு காட்சி. கவளம் கிளம்பும்போதே வாய் கிணறு மாதிரி திறந்துகொள்ளும். மெல்லுகிற சத்தம் அடுத்த அறைக்குக் கேட்கும். மேனேஜர் தாத்தாவை விட்டுவிட்டு அந்தப் பக்கம் திரும்பினாள். புருவம் சுருங்கியது. அவர் வாய் திறந்தது. இவள் வாயும் திறந்தது.

மாஸ்டரின் கை நாற்பது வருஷப் பழக்கம் உள்ள கை. காலி இடம் கண்டால் நிற்காது. கரண்டி உள்ளே போனது. மேனேஜர் சப்பினாள். விழுங்கினாள். சம்பந்தி இன்னொரு கவளம். இவள் இன்னொரு கரண்டி. நாலு, ஐந்து, ஆறு.

சம்பந்தி போதும் என்று கையை உதறினார். மேனேஜர் வாயை மூடினாள்.

"அப்பா, நிறுத்தாதீங்க! சாப்பிடுங்க!" என்று மருமகள் கத்தினாள்.

"ஏம்மா, என் வயிறு என்ன நெல்லுக் குதிரா?" என்றார் அவர். விஷயம் புரிந்ததும் மீசை துடித்தது. "பாத்தீங்களா மாஸ்டர், நம்ம ராசியை!"

மருமகள் சிரிப்பை அடக்க முந்தானையைத் தேடினாள். "ராசியும் இல்ல, ஒண்ணும் இல்ல. அவ சாப்பாட்டைப் பார்க்கவே இல்ல, எதிர்ல இருக்கிறவங்க வாயைத்தான் பார்க்கிறா. மாமா அஞ்சு நாளா வாயை இறுக்கி மூடிக்கிட்டு நிக்கிறாங்க. சாப்பாடு வந்தா இப்படித்தான் இருக்கணும்போலன்னு அவளும் மூடிக்கிட்டா."

மாஸ்டர் பேத்தியைப் பார்த்தார். ஒட்டிய உதடு, நிமிர்ந்த முதுகு, அசையாத முகம். யாரைப் பார்க்கிறோம் என்று அவருக்குத் தெரிந்தது. அவமானமாகவும் இருந்தது, அதைவிடக் கொஞ்சம் அதிகமாகப் பெருமையாகவும் இருந்தது.

"இன்னிக்குச் சாப்பிட்டது கணக்குல வராது," என்றார் சம்பந்தி. "அது என் வாய்."

"வராதுதான்," என்று மாஸ்டர் ஒப்புக்கொண்டார். "நாளைக்கு ஒரு நாள் இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மருமகளை வெளியே உட்காரச் சொன்னார். கதவைச் சாத்தினார். தெருப்பக்கத்து ஜன்னல் திரையை இழுத்து விட்டார். தோள் துண்டை எடுத்து ஆணியில் மாட்டினார். அதைப் போட்டுக்கொண்டு இந்தக் காரியம் செய்ய முடியாது. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நின்றபோது பேத்தியின் உச்சந்தலைதான் தெரியும். உட்கார்ந்தபோது கண்ணுக்கு நேரே கண் வந்தது.

பூசணியைத் தொட்டு நாக்கில் வைத்தார். வெறும் சப்பு. அப்பாவின் முகம் நினைவுக்கு வந்தது. 'மன்னிச்சுக்கோங்கப்பா' என்று மனசுக்குள் சொல்லிவிட்டு வாயைத் திறந்தார்.

"ஆ."

மேனேஜர் ஏற இறங்கப் பார்த்தாள். சாப்பாட்டு நேரத்தில் தாத்தாவின் பற்களை அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. விரலை நீட்டி ஒரு பல்லைத் தொட்டுப் பரிசோதித்தாள். பிறகு தன் வாயைத் திறந்தாள்.

"ஆ."

உனக்கொன்று, எனக்கொன்று என்று போனது. பாதியில் அவர் வாயைத் திறக்க மறந்தால் அவள் மேஜையைத் தட்டினாள். கிண்ணம் காலியானபோது ஜன்னல் திரைக்குப் பின்னால் யாரோ செருமும் சத்தம் கேட்டது.

மாஸ்டர் எழுந்து கதவைத் திறந்தார். வெளியே மருமகள்; பக்கத்தில் சம்பந்தி, துணிப்பை இல்லாமல்.

"சத்தம் ரெண்டு குரல்ல கேட்டுதே," என்றார் சம்பந்தி. எட்டிக் கிண்ணத்தைப் பார்த்தார். மாஸ்டரின் முகத்தைப் பார்த்தார். "சம்பந்தி... மீசையில பூசணி."

மாஸ்டர் துடைத்துக்கொள்ளவில்லை. கதவையும் சாத்தவில்லை.

"இருக்கட்டும்," என்றார். "உள்ள வாங்க. நாளைக்கு என்ன வேகவைக்கலாம்னு யோசிச்சுக்கிட்டிருக்கோம்."