கோட்டுக்கு இந்தப் பக்கம்

ஆகஸ்ட் மாதக் காற்று விடியுமுன்பே வந்துவிடும். பழைய சுரங்க மேடுகளின் மஞ்சள் தூளை வாரிக்கொண்டு, ஜோகன்னஸ்பர்க்கின் நெடிய கட்டடங்களுக்கு நடுவே புகுந்து, தெருமுனையில் ஒரு சுழற்று சுழன்று, கால்சட்டைக்குள் ஏறும். உடம்பு சூடேறும்வரை துடைப்பக் கட்டை எது, விரல் எது என்று பிரித்தறிய முடியாது. குனிந்து, அழுத்தி, இழுக்க வேண்டும். ஆரஞ்சுத் தோல், கோழி எலும்பு, கடித்துத் துப்பிய சோளச் சக்கை, பீர் பாட்டில் சில்லு. சுவரோரம் ராத்திரி மூத்திரத்தின் நெடி. அதற்குச் சோப்புத் தண்ணீர் ஊற்றித் தனியாகத் தேய்க்க வேண்டும். இடுப்பு நிமிர்வது ஏழு மணிக்குத்தான். ஏழு மணிக்கு நடைபாதையைப் படமெடுத்துக் கட்டட முதலாளிகளுக்கு அனுப்புவார்கள்.

எங்கள் வேலையைப் பற்றி முதலில் ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். மாநகராட்சி செய்வது போதாது என்று கட்டட முதலாளிகள் ஒரு சங்கம் சேர்ந்து, கைக்காசு போட்டு, நகர நடுவில் சில தெருக்களைத் தங்கள் பொறுப்பில் வைத்திருக்கிறார்கள். அதற்கு மேம்பாட்டு வட்டாரம் என்று பெயர். நாங்கள் வட்டாரம் என்போம். அங்கே கூட்டுகிற பச்சைக் கோட்டு ஆட்கள் நாங்கள், ஒரு ஒப்பந்தக் கம்பெனியின் ஆட்கள். காவலுக்கு நிற்கிற மஞ்சள் கோட்டுக்காரர்கள் வேறொரு கம்பெனி.

வட்டாரத்தின் எல்லை கெம்ப்ஸ்டன் தெருவின் நட்டநடுவில் ஓடுகிறது. வண்டிகள் பிரிந்து போவதற்குப் போட்ட வெள்ளைக் கோடுதான் எல்லை. கோட்டுக்கு இந்தப் பக்கம் வங்கியும் கண்ணாடி வாசல்களும். அந்தப் பக்கம் டாக்சி வேன்கள் ஆள் ஏற்றுகிற இடம், பொரித்த கோழிக் கடைகள், மாநகராட்சி லாரி நினைத்தால் வந்து அள்ளுகிற குப்பை மலை. கோட்டைத் தாண்டிக் கூட்டக் கூடாது என்பது கம்பெனி விதி.

ஆனால் காற்று அந்தப் பக்கத்திலிருந்துதான் அடிக்கிறது.

இந்தப் பக்கத்தை எவ்வளவு கூட்டினாலும் கொஞ்ச நேரத்தில் எதிர்ப்பக்கக் குப்பை முழுக்க இங்கே வந்து படுத்துக்கொள்ளும். ஆகவே குளிர்காலம் முழுக்க எங்களுக்கு ஒரு முறை உண்டு: முதலில் அந்தப் பக்கத்தைக் கூட்டி மூட்டை கட்டிவிட்டு, பிறகு இந்தப் பக்கத்தைத் தொடுவது. யாரும் சொல்லித் தந்ததில்லை. மேலாளர் மொகாலே ஒரு நாளும் "தாண்டு" என்று சொன்னதில்லை. "ஏழு மணிக்கு சுத்தமா இருக்கணும்" என்று மட்டும்தான் சொல்வார். அவர் கார் அந்த வழியாகத்தான் வரும். எங்கள் பச்சைக் கோட்டுகளை அந்தப் பக்கம் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அப்படித்தான் இந்தத் திங்கட்கிழமை விடியுமுன், எங்களோடு கூட்டுகிற வுயிசிலே அண்ணன் அந்தப் பக்கம் குனிந்து மூட்டையின் வாயை முடிந்துகொண்டிருந்தார். விளக்கு போடாமல் பின்னால் வந்த டாக்சி வேன் அவரை நடைபாதை விளிம்போடு சேர்த்து நெரித்தது. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. உலர்ந்த குச்சியை மிதித்தது போல, அவ்வளவு சின்னச் சத்தம்.

காவல் நின்ற நோக்வாஸி ஓடிவந்தாள். அவளிடம்தான் ரேடியோ.

"கட்டுப்பாட்டறை, கெம்ப்ஸ்டன் தெருவுல ஒருத்தரு அடிபட்டுக் கெடக்காரு. நம்ம கூட்டுற ஆளு."

"எந்தப் பக்கம்?"

"என்னது?"

"கோட்டுக்கு எந்தப் பக்கம்னு கேக்குறேன்."

நோக்வாஸி கோட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "அந்தப் பக்கம்."

"அப்ப மாநகராட்சி ஆம்புலன்சுக்குப் போன் போடு. நம்ம வண்டி வராது."

என்னோடு கூட்டுகிற ரோஃபிவாவுக்கு வாய் நீளம். அன்றைக்கு அவள் வாயும் அடைத்துப் போயிற்று. நாங்கள் இரண்டு பேர் கையைப் போட்டிருந்தால் வுயிசிலே அண்ணனை இந்தப் பக்கம் இழுத்துக் கிடத்தியிருக்கலாம். நாலு எட்டு வைக்கிற தூரம்தான். ஆனால் எலும்பு முறிந்தவரை அசைக்கக் கூடாது என்று கம்பெனிதான் எங்களை உட்கார வைத்துப் பாடம் நடத்தியிருந்தது. பாடத்தை மதித்தோம். அசைக்கவில்லை. என் பச்சைக் கோட்டைக் கழற்றி அவர் மேல் போர்த்திவிட்டு, மாநகராட்சி ஆம்புலன்ஸ் வரும்வரை பக்கத்தில் குந்தியிருந்தோம். வெயில் வந்த பிறகு அது வந்தது.

மறுநாள் மொகாலே என்னை மேலே கூப்பிட்டார். அவர் அறை ஒன்பதாவது மாடியில். அங்கிருந்து பார்த்தால் எங்கள் தெரு துடைத்து வைத்த தட்டு மாதிரி இருக்கிறது.

"உக்காரும்மா கென்சானி. உன் மேல எனக்கு ஒரு குறையும் இல்ல. வெள்ளிக்கிழமை விசாரணை வச்சிருக்கோம். நீ வந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும். அந்த ஆளு தானாத்தான் அந்தப் பக்கம் போனாருன்னு."

"சொன்னா என்ன ஆகும் சார்?"

"வேலை நேரத்துல வேலைய விட்டுட்டு வெளிய போனவருன்னு ஆகும்."

"அப்ப அரசாங்க விபத்து நிதிக்கு நீங்க எழுத மாட்டீங்க. படுத்திருக்கிற நாளுக்குச் சம்பளம் வராது. வேலையும் போயிடும்."

"நான் போகச் சொன்னேனா?"

"நீங்க சொல்லல சார். ஏழு மணிக்குச் சுத்தமா இருக்கணும்னுதான் சொன்னீங்க."

"அதான். அத மட்டும்தான் சொன்னேன்." அவர் கண்ணைக் கசக்கினார். அவருக்கும் தூக்கமில்லை என்று தெரிந்தது. "இங்க பாரு. அடுத்த மாசம் ஒப்பந்தம் புதுப்பிக்கணும். எல்லைக்கு வெளிய ஆளு வச்சு விபத்துன்னு சங்கத்துக்குத் தெரிஞ்சா கம்பெனியே இருக்காது. உனக்கும் வேலை இருக்காது, எனக்கும் இருக்காது. நீயும் அந்தப் பக்கம் போறவதானே? நான் அத விசாரணைல எடுக்க வேணாம்னு பாக்குறேன்."

கதவு திறந்துதான் இருந்தது. ஆனாலும் அறைக்குள் பூட்டி வைத்த மாதிரி இருந்தது எனக்கு. சொன்னால் வுயிசிலே அண்ணன் தெருவில். சொல்லாவிட்டால் நான் தெருவில், என் மகள் பள்ளிக்கூடத்துக்கு வெளியே. "யோசிச்சுச் சொல்றேன் சார்" என்று எழுந்துவிட்டேன்.

மத்தியான இடைவேளையில், பார்வையாளர் நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வார்டு நிறைந்து, கட்டில்கள் வராந்தா வரைக்கும் வந்திருந்தன. வுயிசிலே அண்ணன் காலைக் கட்டித் தூக்கி வைத்திருந்தார்கள்.

"வா தங்கச்சி. வாழ்க்கைல மொதத் தடவ என் காலுக்கு ஒசரத்துல சீட்டுக் கெடைச்சிருக்கு."

நான் சிரிக்கவில்லை. மொகாலே சொன்னதைச் சொன்னேன். அவர் கூரையைப் பார்த்தபடி கேட்டார்.

"சொல்லிடு. தானாப் போனான்னு சொல்லிடு."

"நீங்க தானாவா போனீங்க அண்ணே?"

"அது இப்ப எதுக்கு? என் வீட்டு அடுப்பு அணைஞ்சாச்சு. உன் வீட்டுதும் எதுக்கு அணையணும்? ரெண்டு வீடு பட்டினி கெடந்தா என் கால் கூடிடுமா?"

கொண்டு போயிருந்த மக்வின்யாவை, அதுதான் எண்ணெயில் பொரித்த மாவு உருண்டையை, அவர் கையில் வைத்தேன். பாதியைப் பிய்த்துப் பக்கத்துக் கட்டில்காரருக்குக் கொடுத்துவிட்டு மீதியைத் தின்றார். "ஆறிப் போனாலும் நல்லாருக்கு" என்றார்.

நாங்கள் உடை மாற்றுகிற இடம் ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில், கார்கள் நிற்கிற இடத்தில் ஒரு மூலை. அன்று வேலை முடிந்து எல்லாரும் அங்கே நின்றோம். நான் மறைக்காமல் சொன்னேன்.

"சொல்லாத" என்றாள் ரோஃபிவா.

"உனக்கென்ன, சுலபமாச் சொல்லிட்ட" என்றார் பெட்ரஸ், எங்களில் மூத்தவர். "சொல்லலைன்னா அவளும் போவா. நாளைக்கு என்னைக் கூப்புடுவான். நானும் மாட்டேன்னா நானும் போவேன். வெளிய ஆளா இல்ல? ஆணிக்கடை முக்குல விடியக்காலை எத்தனை பேரு வேலைக்கு நிக்கிறான்னு போய்ப் பாரு."

"அப்ப வேலைநிறுத்தம் பண்ணுவோம்."

"பண்ணு. முறைப்படி அறிவிப்புக் குடுக்காம நிறுத்தினேன்னு அன்னைக்கே அனுப்பிடுவான். அவனுக்கு அதுதான் வேணும்."

மேலே கார் ஏறுகிற சத்தம் கேட்டது. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். எனக்கு மொகாலே சொன்னதே திரும்பத் திரும்பக் காதில் விழுந்தது: அத மட்டும்தான் சொன்னேன்.

"நாம விதிப்படியே நடந்தா?" என்றேன்.

"என்ன விதி?"

"கோட்டைத் தாண்டக் கூடாதுன்னு இருக்குல்ல. தாண்ட வேணாம். வேலைய நிறுத்தவும் வேணாம். விடாமக் கூட்டுவோம். இந்தப் பக்கம் மட்டும்."

பெட்ரஸ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் அவருக்குச் சிரிப்பு வந்தது. இருமல் மாதிரி வந்த சிரிப்பு. "ஆகஸ்ட் மாசத்துலயா?" என்றார்.

"ஆகஸ்ட் மாசத்துலதான்."

மறுநாள் புதன்கிழமை. இருட்டோடு இறங்கினோம். ஒருத்தர்கூடக் கோட்டைத் தாண்டவில்லை. அந்த வேலை எவ்வளவு கொடுமை என்று செய்து பார்த்தால்தான் தெரியும். கூட்டிக் குவித்து மூட்டை கட்டி நிமிர்ந்தால், கூட்டின இடத்தில் மறுபடி பிளாஸ்டிக் பைகள் உருண்டு வரும். கோழிக்கடை அட்டைப் பெட்டிகள் வங்கி வாசலில் போய் முட்டும். மறுபடி குனிவோம். முதுகு விண்ணென்று தெறித்தது. தூசியில் கண் எரிந்தது. ரோஃபிவா மட்டும் ஒவ்வொரு பெட்டியாக வரவேற்றாள்: "வாங்க, வாங்க, உள்ள வாங்க, வங்கில கணக்குத் தொறக்கணுமா?"

ஏழு மணிக்குப் படமெடுக்க வந்த பையன் படமெடுக்காமல் போனில் பேசினான். கொஞ்ச நேரத்தில் மொகாலே வந்தார். கூடவே முதலாளிகள் சங்கத்து அம்மையார் ஒருவர், தலையில் கட்டிய துணியைக் காற்றுக்குப் பிடித்துக்கொண்டு.

"என்ன இது?" என்றார் மொகாலே.

"கூட்டிட்டிருக்கோம் சார்" என்றேன், கையை நிறுத்தாமல்.

"ஏன் இப்படிக் கெடக்குது?"

"காத்து சார். அந்தப் பக்கத்துலருந்து வருது."

அம்மையார் அவரைப் பார்த்தார். "இத்தனை நாளா வரலையே மொகாலே?"

அவர் கழுத்து நரம்பு புடைத்தது. என் அருகே வந்து குரலைத் தாழ்த்தினார். "போ. போய் அந்தப் பக்கத்தை மொதல்ல முடிங்க."

"அந்தப் பக்கமா சார்?" ரோஃபிவா தெரு முழுக்கக் கேட்கும்படிக் கேட்டாள். "போகலாமா?"

"போங்கன்னு சொல்றேன்ல."

"போறோம் சார்" என்றேன். "ஆனா அங்க வேன் இடிச்சா அது வேலையா, வேலை இல்லையா?"

துடைப்பங்கள் மட்டும் சரட் சரட்டென்று ஓடின. அப்போது யாரும் எதிர்பார்க்காதது நடந்தது. நோக்வாஸி தன் இடத்தை விட்டு வந்து என் பக்கத்தில் நின்றாள். மஞ்சள் கோட்டும் பச்சைக் கோட்டும் பேசிக்கொண்டு நிற்பதே குற்றம்.

"இதுல சொல்லுங்க சார்" என்று ரேடியோவை நீட்டினாள். "அந்தப் பக்கம் கூட்டுறதும் நம்ம வேலைன்னு. கட்டுப்பாட்டறைல பதிவாயிடும். அப்புறம் யாரும் எந்தப் பக்கம்னு கேக்க மாட்டாங்க."

"உன் கம்பெனிக்குச் சொல்லி உன்னை எங்க அனுப்பணுமோ அங்க அனுப்புறேன்."

"சரி சார்." கையை அவள் கீழே இறக்கவில்லை.

அம்மையார் எதுவும் சொல்லாமல் தன் காரை நோக்கி நடந்தார். மொகாலே அவர் போவதையும் ரேடியோவையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த நேரத்தில் அவரைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. பிறகு அவர் ரேடியோவைத் தொடாமல் தன் போனை எடுத்தார்.

அது எதற்கு என்று பெட்ரசுக்கு உடனே தெரிந்துவிட்டது. "ஆணிக்கடை முக்கு" என்றார்.

சொன்னபடியே கம்பெனி வண்டி வந்தது. பின்னால் ஆறு பேர், கூலிக்கு நின்ற ஆட்கள். சிலர் ஜிம்பாப்வேக்காரர்கள், ஒருவன் மலாவிக்காரன். கோட்டுகூடக் கிடையாது, மெல்லிய ஸ்வெட்டர். இறங்கினவர்கள் கையில் டிரைவர் துடைப்பங்களைக் கொடுத்தான். "அந்தப் பக்கத்துலருந்து ஆரம்பிங்க" என்றார் மொகாலே.

ரோஃபிவா வாயைத் திறந்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன். அவர்களும் விடியற்காலையிலிருந்து குளிரில் நின்றவர்கள்தான். முன்னால் நின்றவனிடம் போனேன். காது வரைக்கும் தொப்பியை இழுத்துவிட்டிருந்தான்.

"தம்பி, உன் வயித்துல அடிக்க வரல. ஒண்ணே ஒண்ணு சொல்றேன். நேத்துக்கு முந்தின நாள் அந்தப் பக்கம் எங்க ஆளு ஒருத்தரு கால் ஒடிஞ்சு கெடந்தாரு. அவரு எங்க ஆளே இல்லைங்குறாங்க."

அவன் தெரு நடுவிலிருந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்தான். அந்தப் பக்கம் ஹாரன் அடித்தபடி நெருக்கியடித்து நிற்கிற வேன்களைப் பார்த்தான். பிறகு மொகாலேயிடம் திரும்பினான்.

"அங்க எனக்கு அடிபட்டா யாரு பாப்பாங்க பாஸ்?"

"கூட்டுறதுக்குத்தான் கூட்டியாந்தேன். கேள்வி கேக்க இல்ல."

அவன் கொஞ்ச நேரம் நின்றான். அந்தக் கொஞ்ச நேரத்தில் எங்கள் எல்லார் சாப்பாடும் அவன் கையில் இருந்தது. அவன் சாப்பாடும் இருந்தது. மற்ற ஐந்து பேரில் இரண்டு பேர் துடைப்பத்தோடு கோட்டைத் தாண்டிப் போய்விட்டார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். மூன்று பேர் இவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அந்த ஆளு பேரு என்னக்கா?" என்று கேட்டான்.

"வுயிசிலே."

அந்தப் பெயரை அவன் தன் பாஷையில் ஏதோ சேர்த்து மற்றவர்களிடம் சொன்னான். துடைப்பத்தை வண்டி மேல் சாய்த்து வைத்தான். தாண்டிப் போனவர்களில் ஒருவன் அங்கிருந்தே திரும்பிப் பார்த்தான்.

வெள்ளிக்கிழமை விசாரணை அப்படியேதான் இருக்கிறது. நான் போவேன். "எல்லாரும்தான் போனோம், போக வச்சீங்க" என்று சொல்வேன். பெட்ரஸ் கூட வருகிறேன் என்றிருக்கிறார், ரோஃபிவாவைக் கூட்டி வராதே என்று ஒரே ஒரு நிபந்தனையோடு. அதற்கப்புறம் எங்களில் எத்தனை பேர் பச்சைக் கோட்டோடு இருப்போம் என்று தெரியாது. நோக்வாஸியை அன்றைக்கே வேறு தெருவுக்கு மாற்றிவிட்டார்கள்.

ஆனால் அந்தக் காலையில், தொப்பிக்காரனும் மூன்று பேரும் வெறுங்கையோடு வந்து எங்கள் வரிசையில் நின்றார்கள். குளிரில் அவர்கள் பல் அடித்துக்கொண்டது. நாங்கள் நெருங்கி நின்று, காற்று படாத பக்கத்தை அவர்களுக்கு விட்டோம்.