இரண்டாவது பிழை

பச்சிளங்குழந்தைகள் பிரிவின் பெரிய திரை அந்த மாதத்தில் மூன்றாவது முறையாக அணைந்தபோது மணி காலை பத்து. பதினோரு குழந்தைகளின் மூச்சும் நாடியும் அந்த ஒரே திரையில்தான் தெரியும். எச்சரிக்கை மணியும் அதன் கணினி வழியாகத்தான் அடிக்கும். கணினி தானாக மறுபடி எழ நான்கு நிமிடம் ஆனது. அதுவரை தாதி ரொஸ்னிதா கட்டில் கட்டிலாக ஓடி, ஒவ்வொரு நெஞ்சும் ஏறி இறங்குகிறதா என்று கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செய்தி பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை அலுவலகத்தில் இருந்த பெக் யானுக்கு வந்தது. அந்தக் கணினியின் நினைவகத்தில் பழுது வந்தால் அந்த இடத்தை மட்டும் ஒதுக்கிவிட்டு, மற்றதெல்லாம் ஓடும்படி பார்த்துக்கொள்ளும் பகுதியை இயங்குதளத்தின் மையமான கெர்னலில் எழுதியவள் அவள். மேசைமேல் அதே மாதிரிக் கணினிக்குப் பொய்யான பழுதை அறுநூறு முறை கொடுத்துப் பார்த்திருந்தாள். அறுநூறு முறையும் அது பிழைத்துக்கொண்டது.

"உன் புரோகிராம் ஒத்திகையில நல்லாத்தான் நடிக்குது," என்றான் பக்கத்து இருக்கை சுக்ரி. "மேடை ஏறினாத்தான் மயங்கி விழுது."

அவள் சிரிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் நினைவகத்தை மாற்றியும் பயனில்லாமல் போயிருந்தது. அங்கே ஒரு மாற்றுக் கணினியை வைக்கச் சொல்லிவிட்டு, பழைய நினைவகத்தோடு சேர்த்து, செத்த கணினியையே வரவழைத்தாள். பழுதைக் கவனிக்கையில் கெர்னல் ஒவ்வொரு படியைத் தாண்டும்போதும், அணைந்தாலும் அழியாத ஓரிடத்தில் ஓர் எண்ணை எழுதிவைக்கச் செய்தாள். எட்டு நாள் காத்திருந்தாள். ஒன்பதாம் நாள், அவள் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருக்கையில், அது செத்தது. பதிவாகியிருந்த எண் மூன்று.

மூன்றாம் படியில் அவள் எழுதியதில் ஒரு தப்பும் இல்லை. பழுது அவள் ஒத்திகையில் கொடுத்ததுபோல் தனியாக வரவில்லை, ஜோடியாக வந்தது. முதலாவதைக் கவனித்து முடிப்பதற்குள் இரண்டாவது வந்தால், கணினியின் செயலிச் சில்லு யாரையும் கேட்காமல் தன்னை நிறுத்திக்கொள்ளும். கையேட்டில் அதற்கு ஒரே ஒரு வரிதான் இருந்தது.

"தாய்ப்பலகையிலேயே கோளாறு," என்றான் சுக்ரி. "புதுசு வர அஞ்சு மாசமாகும். மாத்துக் கணினியும் இதே பலகைதான்."

முதல் பழுதைக் கவனிக்கும் நேரத்தைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தாள். அதற்குமேல் குறைக்க இடமில்லை. திருத்தத்தை ஆஸ்பத்திரிக்குத் தானே கொண்டுபோனாள்.

"அக்கா, இனி முன்ன மாதிரி அடிக்கடி வராது."

ரொஸ்னிதா கையைத் துடைத்துக்கொண்டே அவளைப் பார்த்தாள். "வரவே வராதுன்னு சொல்லேன்மா."

பெக் யான் பெரிய திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"சரி விடு. ரெண்டு ரெண்டு பேரா நிக்கிறோம்."

ரொஸ்னிதா பால் எடுத்துவரப் போனாள். பெக் யான் கடைசிக் கட்டிலருகே நின்றாள். உள்ளங்கை நீளத்துக்கு ஒரு முதுகு. அந்தச் சிறிய முதுகு இறங்கியது, இறங்கியபடியே நின்றது. அவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அது ஏறியது. இதையே பார்த்துக்கொண்டிருந்ததில் பக்கத்துக் கட்டிலைப் பார்க்கத் தவறிவிட்டோமே என்று திரும்பினாள், அங்கிருந்து அடுத்ததற்கு.