மிதி பம்பில் ஏறிய மானம்

டோலோஃபினாவின் தக்காளிப் பாத்தி ஓடைக்கரையில் இருந்தது. பதினோரு வருடமாகத் தலையில் வாளி சுமந்து தண்ணீர் ஊற்றியதில் அவள் கழுத்து நான்கு விரல் உள்ளே போய், தோள்கள் காதைத் தொட்டுக்கொண்டிருந்தன. அதனால் விவசாய அதிகாரி ஊருக்குப் பொதுவாக ஒரு மிதி பம்பு கொண்டுவந்ததும், முதல் ஆளாக ஏறியவள் அவள்தான். மாடிப்படி ஏறுவதுபோல மாற்றி மாற்றி மிதித்தாள். தண்ணீர் தலைநகர் லிலோங்வேயையே மூழ்கடிக்கும்போலப் பாய்ந்தது.

கூடவே இடுப்பில் சுற்றிய சித்தெஞ்சேத் துணியும் முழங்காலுக்கு மேல் ஏறியது.

அன்று மாலையே ஊர்த்தலைவர் சிம்வாலா தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "நாலு பேர் பாக்கப் பொம்பளைங்க காலத் தூக்குறதாவது! இனிமே எவளும் அதுல ஏறக் கூடாது."

"நல்லாச் சொன்னீங்க தலைவரே," என்றான் அவள் புருஷன் சக்கேயோ. வாளி சுமந்தது அவன் கழுத்தா என்ன?

மறுநாள் வெயிலில் தக்காளிச் செடிகள் துவண்டு தொங்கின. டோலோஃபினாவோ மாமர நிழலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"ஏன்டி, தண்ணி ஊத்தலையா? பழையபடி வாளியத் தூக்க வேண்டியதுதானே?" என்று கேட்டான் சக்கேயோ.

"எப்படிங்க? ஓடையிலேர்ந்து கரையேறணும்னா காலத் தூக்கணுமே. தலைவர் பேச்ச நான் மீறலாமா?"

செடி காய்ந்தால் வருஷம் முழுக்க என்சிமாக் களிக்குத் தொட்டுக்கொள்ள உப்புதான். வேறு வழியில்லாமல் சக்கேயோ பம்பில் ஏறினான். அரை மணியில் அவன் நாக்கு தொப்புளைத் தொட்டது.

சேதி பரவியதும் ஊரில் நாற்பது பெண்களுக்கும் ஒரே நாளில் மானம் வந்துவிட்டது. தலைவரின் மனைவிக்குத்தான் எல்லோரையும்விட அதிகமாக வந்தது. அவள் வாசற்படியைத் தாண்டவே மறுத்துவிட்டாள். ஆண்கள் முறைவைத்து மிதித்தார்கள். தக்காளி இதுவரை காணாத அளவுக்குப் பிஞ்சு பிடித்தது.

பத்தாம் நாள் தலைவர் நொண்டிக்கொண்டே வந்து கூட்டம் போட்டார். "நல்லா யோசிச்சுப் பாத்தேன். முழங்கால் தெரிஞ்சா தப்பில்லன்னு நம்ம முன்னோரே சொல்லியிருக்காங்க. பொம்பளைங்க தாராளமா ஏறலாம்."

டோலோஃபினா துணியைக் கணுக்கால்வரை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தாள்.

"அதெப்படி தலைவரே, நேத்து வந்த மானத்த இன்னைக்கே விட முடியும்? அறுவடை முடியட்டும். நாங்க கலந்து பேசிச் சொல்றோம்."

சக்கேயோ ஓடைப் பக்கம் கைகாட்டினான்.

"தலைவரே, இன்னைக்கு உங்க முறை."