இருபதாவது நிமிடம்

படகின் மோட்டார் மூன்றாவது முறையாக நின்றது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று இருபது. ஓடியது சரியாக இருபது நிமிடம், முந்தைய இரண்டு முறையும் அப்படியே. பத்து நிமிடம் சும்மா விட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி மறுபடி ஓடும். இருபதில் மூச்சை விட்டுவிடும்.

முப்பத்திரண்டு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். பாதி மாடியில் மாட்டிக்கொண்ட எத்தனையோ பேரை வெளியே எடுத்தவர். இப்போது ஏரியின் நடுவே அவரே மாட்டிக்கொண்டிருந்தார்.

கைப்பேசி அடித்தது. மகள்.

"எங்கப்பா இருக்கீங்க?"

"ஏரி முடியப் போகுது. இனி ஆறுதான்."

"மோட்டார் சத்தமே கேக்கலையே?"

"கொஞ்சம் ரெஸ்ட் எடுக்குது."

"அப்பா, பேசினது பேசினதுதான். நாலு மணிக்குள்ள பாலத்துக்குத் தனியா வந்து சேரணும். இல்லன்னா போட்டை வித்துடலாம். அம்மா கூட இருந்தப்ப நான் பயந்ததே இல்ல."

"உங்கம்மா என்ன, கேப்டனா? பின்னாடி உக்காந்து டீ ஊத்திக் கொடுத்தா. அவ்வளவுதானே?"

மகள் போனை வைத்துவிட்டாள். சொல்லியிருக்க வேண்டாம் என்று அவருக்கும் பட்டது.

பாலத்துக்கு அரை மணி நேர ஓட்டம். அதில் பாதிக்கு மேல் ஆறு. அங்கே மோட்டார் நின்றால் நீரோட்டம் படகைத் தன் இஷ்டத்துக்கு இழுத்துப் போகும்.

முதலிலிருந்து பார்த்தார். பிளக் சுத்தமாக இருந்தது. கடைக்காரர் காலையில் நிரப்பிக் கொடுத்த பெட்ரோல், டேங்க்கின் அளவுக் கண்ணாடியில் பாதிக்கு மேலேயே நின்றது. டேங்க்கிலிருந்து மோட்டாருக்குப் போகும் குழாயின் நடுவே எலுமிச்சை அளவில் ஒரு ரப்பர் பந்து உண்டு. அமுக்கினால் பெட்ரோலை முன்னே தள்ளும். அது மட்டும் சப்பிப்போட்ட மாம்பழம் மாதிரி ஒடுங்கிக் கிடந்தது. ஏன்?

ஒரு மீன்பிடி படகு அருகே வந்து வேகம் குறைந்தது.

"என்ன சார், மீன் தானா வந்து படகுல ஏறட்டும்னு காத்திருக்கீங்களா?"

"வர்றதா சொல்லிருக்கு."

"கட்டி இழுக்கட்டுமா?"

இழுத்துப் போனால் தனியாக வந்ததாக ஆகாது. "வேண்டாம் தம்பி, நீங்க போங்க."

அந்தப் படகு எழுப்பிய அலை அடங்கியதும் பின் இருக்கையின் வெறுமை பெரிதாகிவிட்டது. ஃபிளாஸ்க்கைத் திறந்து டீ ஊற்றினார். ஒரு வாய் குடித்தார். ஏதோ குறைந்தது. சர்க்கரை சரிதான். இன்னொரு வாய் குடித்தபோது தெரிந்தது: பெட்ரோல் வாடை இல்லை.

பதினோரு வருஷமாகப் படகில் குடித்த டீயில் எல்லாம் அந்த வாடை இருந்தது. "டீ போட்டியா, டேங்க்ல புடிச்சியா?" என்று கேலி செய்வார். "குடிச்சா ஸ்பீடா ஓட்டுவீங்க" என்பாள் மனைவி. வாடை அவள் விரலிலிருந்து வந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் கிளம்பும் முன் அவள் டேங்க்கைத் தொட்டிருக்கிறாள். ஸ்டியரிங்கைப் பிடித்து முன்னால் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை.

டேங்க் அருகே மண்டியிட்டார். மூடியின் உச்சியில், நகம் அளவில் ஒரு திருகு. போன வருஷம் கடைசியாகக் கரை சேர்ந்த அன்று அவள் இறுக்கியது. அப்படியே இருந்தது. கொஞ்ச நேரம் அதன்மேல் விரலை வைத்திருந்தார். பிறகு திருப்பினார்.

உஸ்ஸ்ஸென்று டேங்க் காற்றை உள்ளே இழுத்தது. ரப்பர் பந்து மெல்ல உப்பி எழுந்தது.

ஆற்றில் நுழைந்த பிறகும் கடிகாரத்தையே பார்த்தார். இருபது. இருபத்தொன்று. இருபத்தைந்து. மோட்டார் ஒரே குரலில் ஓடியது. வாடை ஏறிய கையால் இன்னொரு கோப்பை ஊற்றிக்கொண்டார்.

நாலுக்கு மூன்று நிமிடம் இருக்கையில் பாலத்தடியில் கயிற்றை வீசினார். மகள் பிடித்தாள்.

"என்னதான்பா கோளாறு?"

"கோளாறே இல்லம்மா. பெட்ரோல் வெளிய போகப் போக அந்த இடத்துக்குக் காத்து உள்ள வரணும். வரலைன்னா டேங்க் பெட்ரோலை விடாது. நிறுத்தி வெச்சா இடுக்கு வழியா கொஞ்சம் கொஞ்சமா காத்து வரும், அதான் மறுபடி ஓடுச்சு. டேங்க் மூடி மேல ஒரு திருகு இருக்கு. கிளம்பும் முன்னாடி அதை ரெண்டு சுத்து திறக்கணும். கரைக்கு வந்ததும் இறுக்கணும். உங்கம்மா அதைத்தான் செஞ்சிட்டிருந்தா."