நல்லம்மாள் கொடுத்த ரிப்போர்ட்

பக்கத்து வீட்டு பல்கீஸிடம் நல்லம்மாள் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்ட அன்றுதான், மகன் தனேஷ் முதன்முதலாக அவளுடைய பல்செட்டை எடுத்து ஒளித்து வைத்தான்.

குனோங் ராபாட்டில் வரிசை வீடு. மகனும் மருமகள் விமலாவும் காலையிலேயே வேலைக்குப் போய்விடுவார்கள். கிழவி வீட்டைக் கொளுத்திவிடுவாள் என்று சொல்லி, அடுப்பிலிருந்து கேஸ் தோம்பை, அந்தச் சிலிண்டரை, கழற்றிவிட்டுத்தான் தனேஷ் கிளம்புவான். சில நாள் ஏதாவது வைத்துவிட்டுப் போவார்கள். சில நாள் மறந்துவிடும். மறதிதான் என்று நல்லம்மாளும் ஆரம்பத்தில் நம்பினாள்.

"வாய் இருக்கறதாலதானே வீடு வீடா போயி பேசுறே" என்று சொல்லி, அன்று தனேஷ் பல்செட்டைக் காரில் வைத்துக்கொண்டான். இரண்டு நாள் அவள் மைலோவில் ரொட்டியை நனைத்து விழுங்கினாள். மூன்றாம் நாள் மேசைமேல் திரும்ப வந்தது. அதற்குப் பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. கறியில் உப்பில்லை என்று அவள் சொன்னாலும் பல்செட் போகும், டிவி சத்தம் கூடினாலும் போகும். பிறகு கன்னத்தில் ஒரு அறை. தைப்பூசத்துக்கு இரண்டு வாரம் முன்னால் கதவோரம் பிடித்துத் தள்ளியதில் வலது மணிக்கட்டு வீங்கிப்போனது. விமலா சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீர்க் குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டாள்.

கிளினிக்கில் கேட்டபோது, பாத்ரூமில் வழுக்கிவிட்டது என்றாள் நல்லம்மாள். பல்கீஸ் கேட்டபோதும் அதையேதான் சொன்னாள். வேறு என்ன சொல்வது? கோப்பெங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் இருபத்திரண்டு வருஷம் ஆயாக் கொட்டகையில் வேலை பார்த்தவள் அவள். பால் வெட்டப் போன தாய்மார்கள் விடியற்காலையில் பிள்ளைகளைக் கொண்டுவந்து அவள் கையில்தான் கொடுத்துவிட்டுப் போவார்கள். ஊர்ப்பிள்ளைகளையெல்லாம் வளர்த்தவள், தான் பெற்ற ஒன்றை இப்படி வளர்த்திருக்கிறாளே என்று நாலு பேர் பேசுவதைவிட, வழுக்கி விழுந்ததாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தாள்.

அடியெல்லாம் வாங்கிக்கொண்டு இருந்தவளை எழுப்பிவிட்டது ஒரு போன் பேச்சு. ஒரு சனிக்கிழமை அவள் அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் காது கேட்காது என்று நினைத்தோ, கேட்டால் என்ன என்று நினைத்தோ, தனேஷ் ஹாலில் நின்று உறவுக்காரர் ஒருவரிடம் சத்தமாகப் பேசினான்.

"அம்மாவுக்கு இப்பல்லாம் புத்தி சரியில்லலா. இல்லாததெல்லாம் சொல்லும். ஏதும் சொன்னா பெருசா எடுத்துக்காதீங்க."

நல்லம்மாளின் கை நின்றுவிட்டது. எழுபத்திரண்டு வயதிலும் கொட்டகையில் தூங்கிய பிள்ளைகளின் பெயரைத் தொட்டில் வரிசையில் அவளால் சொல்ல முடியும். இவன் அவளுடைய சொல்லையே செல்லாமல் ஆக்கிக்கொண்டிருக்கிறான். இன்னும் ஆறு மாதம் போனால், அவள் உண்மையைச் சொன்னாலும் பாவம் என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அதற்குமுன் எங்கேயாவது எழுத்தில் ஏறிவிட வேண்டும்.

திங்கட்கிழமை பல்கீஸின் கதவைத் தட்டினாள். வாயில் பல் இல்லை. போலீஸ் பாலாய்க்குக் கூட்டிப் போ என்று மட்டும் சொன்னாள். பல்கீஸின் கணவர் சலாஹுதீன், உணவுக்கடை நடத்துகிறவர், அடுத்த வீட்டுச் சண்டை நமக்கு எதற்கு, நாளைக்கும் அவன் முகத்தில்தானே விழிக்க வேண்டும் என்று தயங்கினார்.

"நாளைக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா போலீஸ் நம்மகிட்டதான் வந்து கேக்கும், என்ன பார்த்தீங்கன்னு. அப்ப என்ன சொல்றது?" என்று கேட்டுவிட்டு பல்கீஸ் கார் சாவியை எடுத்தாள்.

போலீஸ் நிலையத்தில் இருந்த இளம் பெண் போலீஸுக்கு அவள் பேச்சு புரியவில்லை. பல் இல்லாத வாயில் மலாய்ச் சொற்கள் குழறின. பல்கீஸ் சொல்ல வாயெடுத்தபோது நல்லம்மாள் கையமர்த்தினாள்.

"அனாக் சாயா புக்குல் சாயா."

என் மகன் என்னை அடிக்கிறான். மூன்றாவது முறை சொன்னபோதுதான் அந்தப் பெண்ணுக்குப் புரிந்தது. நல்லம்மாளுக்கும் அப்போதுதான் அந்த வார்த்தை தன் காதிலேயே விழுந்தது போலிருந்தது. அந்தப் பெண் எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்த டாக்டர், மணிக்கட்டு எலும்பு உடைந்து கோணலாகச் சேர்ந்திருப்பதாகச் சொன்னார்.

அன்று மாலையே தனேஷைப் பிடித்துக்கொண்டு போனார்கள். சமூக நல அதிகாரி நல்லம்மாளைக் கோப்பெங் சாலையில் இருந்த ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தார்.

நாலாம் நாள் கோயில் தலைவர் உடையப்பன் பழம் வாங்கிக்கொண்டு வந்தார். அவள் கொட்டகையில் வளர்ந்தவர், இன்றைக்கும் அவளை ஆயா என்றுதான் கூப்பிடுவார்.

"பெத்த புள்ள ஆயா. கேசுன்னு ஆனா அவன் வேல போயிரும். போலீஸ்ல கொடுத்த ரிப்போர்ட்ட மீட்டுக்குங்க. நான் அவன்கிட்ட பேசுறேன்லா."

"தைப்பூசத்துக்குக் கட்டுப் போட்ட கையோட கோயிலுக்கு வந்தேன். நீதான் எனக்குச் சோறு போட்டே. கையப் பார்த்தே. ஏன்னு கேட்டியா?"

"வழுக்கி விழுந்துட்டீங்கன்னு தனேஷ் சொன்னான்."

"நானும் அதத்தான் சொல்லியிருப்பேன். ஆனா நீ என்னைக் கேட்டிருக்கணும்."

உடையப்பன் பழத்தை வைத்துவிட்டுப் போனார். அவள் அதைத் தொடவில்லை.

தான் எப்போதும் வேலையில் இருந்ததாகவும் எதையும் பார்க்கவில்லை என்றும் விமலா எழுதிக் கொடுத்தாள். ஆனால் எக்ஸ்ரே இருந்தது. பல்கீஸ் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னாள். தனேஷ் குற்றத்தை ஒத்துக்கொண்டான். அபராதம், நன்னடத்தைப் பிணை, அம்மாவை நெருங்கக் கூடாது என்று ஓர் உத்தரவு. உத்தரவு என்னவோ அவனுக்குத்தான். ஆனால் வீடு அவன் பேரில் இருந்ததால், வெளியே போனவள் அவள்.

நீதிமன்ற வராந்தாவில் அவன் அவளைத் தாண்டிப் போனான், திரும்பிப் பார்க்கவில்லை. முகம் இளைத்திருந்தது. காலையில் சாப்பிட்டானோ என்னவோ என்று அவள் மனம் நினைத்தது. அப்படி நினைத்ததற்காக அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

அதன்பிறகு சொந்தத்தில் ஒரு கல்யாணம் நடந்தது, ஒரு காதுகுத்தும் நடந்தது. அவளுக்குச் சொல்லி அனுப்பவில்லை. பெற்ற பிள்ளையைக் கோர்ட்டில் நிறுத்தியவள் என்று பேச்சு.

இல்லத்தில் நிரந்தரமாகச் சேர்க்க ஒரு விண்ணப்பப் பாரம் இருந்தது. அங்கே வேலை பார்க்கும் குமுதா பக்கத்தில் உட்கார்ந்து நிரப்பினாள். உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டால் யாருக்குச் சொல்வது, வாரிஸ், அதாவது நெருங்கிய சொந்தம், யார் என்று கேட்டாள். நல்லம்மாள் பல்கீஸ் பேரைச் சொன்னாள். போன் நம்பரும் சொன்னாள்.

"உறவு என்னன்னு போடறதும்மா?"

"பக்கத்து வீடுன்னு போடு."

சொந்தக்காரர் பேர்தான் போட வேண்டும் என்று குமுதா பேனாவை நிறுத்தினாள்.

"அப்படி யாரும் இல்ல. பக்கத்து வீடுன்னே போடு" என்றாள் நல்லம்மாள்.