மிஸ் திரும்பிப் பார்க்கும்வரை

தண்ணீர் ஸுலைஹாவின் நாடியைத் தாண்டி வாய்க்கு வந்துவிட்டது. அப்போதும் அவள் கத்தவில்லை. வலது கையை நேராகத் தூக்கி, விரல்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, நீச்சல் தடாகத்தின் மறு முனையில் முதுகைக் காட்டி நின்ற நீச்சல் மிஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு தரம் கீழே போய் மேலே வந்தாள். வந்தபோதும் கை அப்படியே நின்றது. நான் ஏழெட்டு அடி தள்ளி, ஆழமில்லாத பக்கத்தில் சுவரைப் பிடித்தபடி நின்றேன். எனக்கும் நீந்தத் தெரியாது. ஆனால் தொண்டையில் குரல் இருந்தது. அந்த நேரத்தில் நான் செய்தது, நானும் கையைத் தூக்கியதுதான். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு அவளுடைய தலை காணாமல் போனது.

கத்தியது மயூரி. எங்கள் வகுப்புத்தான், இரண்டு வயதில் கனடாவுக்கு வந்தவள். வாயில் எப்போதும் சுவிங்கம். மிஸ் பேசிக்கொண்டிருக்கும்போதே கடைசி வாங்கிலிருந்து கூப்பிடுவாள். "யோ மிஸ்! லுக்!" என்று அவள் போட்ட சத்தம் கூரையில் அடித்துத் திரும்பியது. மிஸ் கழுத்தில் கிடந்த விசிலோடு பாய்ந்தா. ஸுலைஹாவின் நீளக் காற்சட்டையும் பெரிய ரீசேட்டும் தண்ணீரைக் குடித்துக் கனத்துப்போயிருந்தன. இரண்டு பேர் சேர்ந்துதான் தூக்கினார்கள். இருமினாள், சத்தியெடுத்தாள், மூச்சு வந்தது. அம்புலன்ஸ் வந்து ஏற்றிக்கொண்டு போனது. நுரையீரலில் ஒன்றும் இல்லை என்று பின்னேரமே வீட்டுக்கு விட்டுவிட்டார்கள். இப்போது எங்கள் பில்டிங்கின் நாலாம் மாடியில், அவளுடைய உம்மாவுக்குப் பக்கத்தில் படுத்திருப்பாள். அவளுக்கு ஒன்றும் இல்லை. இதைத்தான் எனக்கு நானே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்கிறேன். இரவு மணி ஒன்றைத் தாண்டிவிட்டது.

ஸுலைஹா மார்கழியில் வந்தவள். யாழ்ப்பாணத்தில் பிறந்து, ஒன்பது வயதில் மற்ற முஸ்லிம்களோடு சேர்த்து அங்கிருந்து துரத்தப்பட்டு, புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருந்து படித்தவள். அங்கே தொண்ணூறு பிள்ளைகளுக்கு ஒரு ரீச்சராம். சேலையைப் பிடித்து இழுத்தால்தான் திரும்பிப் பார்ப்பாவாம். இங்கே வந்த முதல் கிழமை, ஆங்கிலம் தெரியாத பிள்ளைகளுக்கான வகுப்பில், எழும்பிப் போய் மிஸ் டொனலியின் கைச்சட்டையைப் பிடித்து இழுத்து "ரீச்சர், ரீச்சர்" என்றாள். வகுப்பு முழுக்கச் சிரித்தது. மிஸ்ஸின் முகம் சிவந்தது. அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். மூன்று வருடத்துக்கு முன், நான் விரலைச் சொடுக்கி எழும்பி நின்றபோது சிரித்த அதே சிரிப்பு. வகுப்பு முடிந்ததும் மிஸ் "துர்க்கா" என்று என்னைக் கூப்பிட்டு, இவளுக்குத் தமிழில் நீ சொல்லிக் கொடு என்றா. ஆசிரியரைத் தொடக்கூடாது, "ஸ்ஸ்" என்று கூப்பிடக்கூடாது, கையைத் தூக்கிவிட்டுக் கண் சந்திக்கும்வரை பொறுமையாக இருக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் எக்ஸ்கியூஸ் மீ.

சனிக்கிழமைகளில் இரண்டு வீட்டு உடுப்பையும் நாங்கள் இருவரும்தான் கீழ் அறையில் மெஷினில் போடுவோம். பழகியது அங்கேதான். நான் மிஸ் ஆகி, சுவரில் ஒட்டியிருந்த நோட்டீசை வாசிப்பதுபோல் திரும்பி நிற்பேன். அவள் பின்னால் கையைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும்.

"மிஸ் பாக்காட்டி?" என்று கேட்டாள்.

"பாக்கும் வரைக்கும் நில்."

"கனநேரமாப் பாக்காட்டி?"

"திரும்புவா. மயூரி மாதிரிக் கத்தினியெண்டால், காட்டுக்குள்ள இருந்து வந்ததெண்டுதான் நினைப்பினம்."

ஒரு நாள், மெஷின் உடுப்பைச் சுற்றிப் பிழிந்து முடிக்கும்வரை நான் திரும்பவே இல்லை. உலர்த்தும் மெஷினின் வட்டக் கண்ணாடியில் அவளைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். கை உளைந்திருக்க வேண்டும். மற்றக் கையால் முழங்கையைத் தாங்கிப் பிடித்திருந்தாள். போதும் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. இந்த நாட்டுக்கு வந்த நாள் முதல் நான்தான் யாராவது என்னைப் பார்ப்பார்களா என்று நின்றிருக்கிறேன். எனக்காக ஒருத்தி அப்படி நின்றது அதுதான் முதல் தடவை.

இன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு என்னையும் ஏற்றிக்கொண்டு போனது பள்ளிக்கூட உதவி அதிபர். உம்மாவுக்கு இங்கிலீஸ் தெரியாது, யாராவது மொழிபெயர்க்க வேண்டுமே. உம்மா முக்காடு நழுவியதுகூடத் தெரியாமல் கதிரை நுனியில் இருந்தா. கூடப் படிக்கிற பிள்ளை ஒன்று கண்டு சத்தம் போட்டதால்தான் காப்பாற்ற முடிந்தது என்று அதிபர் சொன்னார். நான் அதைத் தமிழில் சொன்னேன். "வகுப்புப் பிள்ளையொண்டு கண்டு கத்தினதாம்." உம்மா என்னுடைய இரண்டு கையையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றினா.

"நீதான் மகள் அது, எனக்குத் தெரியும். உனக்கு அல்லாஹ் ஒரு குறையும் வைக்கமாட்டான்."

மயூரி என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். என்ன சொல்கிறா என்று அதிபர் கேட்டார். எல்லாருக்கும் நன்றி சொல்லுகிறா என்று இங்கிலீசில் சொன்னேன்.

வெளியே நடையில் நீச்சல் மிஸ் நின்றா. தலை இன்னும் ஈரம். யாரோ கொடுத்த சுவெற்றர் அவவுக்குப் பெரிதாக இருந்தது. யாருமே என்னைக் கூப்பிடவில்லை, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தா. நாளை ஒன்பது மணிக்குக் கூட்டம். மிஸ்ஸின் கவனக்குறைவு என்று முடிவானால் அவவுடைய வேலை போகும் என்று பிள்ளைகள் கதைக்கிறார்கள். ஸுலைஹா ஏன் கூப்பிடவில்லை என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியை நான்தான் அவளிடம் தமிழில் கேட்க வேண்டும். துர்க்கா அப்படித்தான் சொல்லித் தந்தவள் என்று அவள் சொன்னால், அதையும் நான்தான் என் வாயால் இங்கிலீசில் சொல்ல வேண்டும். மாற்றிச் சொன்னாலும் அந்த அறையில் ஒருவருக்கும் விளங்காது.

வீட்டுக்கு வந்தால், உம்மா அதற்குள் அம்மாவுக்கு ரெலிபோன் எடுத்திருந்தா. அம்மா மார்க்கம் நகரத்தில் இருக்கும் பாலேஸ்வரி அன்ரியிடம் சொல்லிக்கொண்டிருந்தா. "எங்கட துர்க்கா தான் கண்டு கத்தினவளாம். வீட்டில வாய் திறக்காது, பாருமன்." எனக்கு இரவு புட்டும் முட்டைப் பொரியலும் வைத்தா. தின்றேன். தின்ன முடிந்தது என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பத்து மணிக்கு மறுபடி ரெலிபோன் அடித்தது. அம்மா எழும்ப முதல் குசினிக்குள் ஓடிப்போய் எடுத்தேன். ஸுலைஹா. குரல் கம்மியிருந்தது.

"ஆஸ்பத்திரியில சிவப்பு ஜெலி தந்தவை. ஹலாலோ தெரியாதெண்டு உம்மா தின்ன விடேல்லை. நான் ஒரு கரண்டி களவாத் திண்டிட்டன்," என்றாள். நான் சிரித்தேன். அவளும் சிரிக்கப் பார்த்து இருமினாள். இருமல் அடங்கும்வரை பொறுத்திருந்தேன்.

"உன்னட்ட ஒண்டு கேக்கத்தான் எடுத்தனான். நாளைக்கு ஆக்களுக்கு முன்னால கேக்க வெக்கம்."

"கேள்."

"நான் கையைத் தூக்கினன். மிஸ் பாக்கேல்லை. பிறகு பாத்தால், நீயும் தூக்கிக்கொண்டு நிக்கிறாய். உன்ர கை என்ரையை விட நேரா நிண்டது. நான் தூக்கின உயரம் காணாது, நீ எனக்குக் காட்டித் தாறாய் எண்டு நினைச்சன். அதுதான் இன்னும் எட்டித் தூக்கினன். அதிலதான் கால் வழுக்கினது."

குளிர்சாதனப் பெட்டி ஒருமுறை நடுங்கி நின்றது. ரெலிபோனின் மறு பக்கத்தில் அவள் மூச்சு விடுவது கேட்டது, கரகரவென்று, ஆனால் ஒழுங்காக. நான் பேசுவேன் என்று அவசரமில்லாமல் இருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்:

"சொல்லு துர்க்கா, நான் எதில பிழை விட்டனான்?"