ஆல்ட்டோ வரியிலிருந்து விழுந்த அட்டைகள்

நீலகிரியில் நடுவட்டம் ஊருக்குக் கீழே உள்ள எஸ்டேட் சர்ச்சில், போன வருடம் செப்டம்பர் இரண்டாம் ஞாயிறு முதல், பாடகர் குழுவின் பாட்டுத் தாளிலிருந்து அட்டைகள் விழ ஆரம்பித்தன. மழைக்காலத்தில் தேயிலைக் காட்டில் காலைக் கவ்வுமே, அதே அட்டைதான். முதல் நாள் மூன்று, அடுத்த ஞாயிறு ஏழு. எல்லாம் பெண்களின் கீழ்க்குரலான ஆல்ட்டோவின் வரியிலிருந்து விழுந்தன, எல்லாம் கொழுந்து பறிக்கும் பாலாமணியையே கடித்தன. அந்தக் குரலில் பாட அவள் ஒருத்திதான் இருந்தாள்.

காரணம் ஊருக்கே தெரியும். ஆராதனை யூடியூபில் நேரலையாகப் போகத் தொடங்கியதும், பக்கம் புரட்டும் சத்தம் மைக்கில் கேட்கிறது என்று கொயர் மாஸ்டர் பெனிஸுக்குத் தூக்கம் போயிற்று. நான்கு குரலும் ஒரே பக்கத்தில் அடங்க வேண்டும் என்றார். பாட்டுத் தாள் போடுவது இதே எஸ்டேட்டிலிருந்து ஊட்டிக்கு இசை டீச்சராகப் போய்வரும் எல்சா. எந்தச் சுரம், எவ்வளவு நேரம், வரிக்கு வரி எவ்வளவு இடைவெளி என்று எல்லாவற்றையும் வெறும் எழுத்தாகவும் எண்ணாகவும் லேப்டாப்பில் தட்டுவாள். மென்பொருள் அதைப் படித்துச் சுரங்களாகத் தாளில் இறக்கும். அடங்காது என்று அவள் சொன்னதற்கு பெனிஸ், "ஆல்ட்டோ ஒரே ஆளுதானுங்களே, அதை நசுக்கிப் போடுங்க" என்றார். இருபதாக இருந்த ஆல்ட்டோ வரியின் அளவை எல்சா ஒன்பதாக்கினாள். நெருக்கம் தாங்காத சுரங்கள் அட்டைகளாக விழுந்தன.

இதற்கு மேல் எழுதக் குமட்டுகிறது, ஆனாலும் நடந்தது நடந்ததுதான். உள்ளே வெறுமையாக இருந்த சுரங்கள் பாலாமணியின் மணிக்கட்டிலும் கழுத்திலும் குடித்துக் கறுத்து, உப்பி, ஊர்ந்து போய்த் தாளில் தங்கள் இடத்திலேயே உட்கார்ந்துகொண்டன. மேற்கத்திய இசைத் தாளில் உள்ளே வெறுமையான சுரம் இரண்டு தட்டு நிற்கும், கறுத்தது ஒரே தட்டு. அதனால் ஆல்ட்டோ முந்தி ஓட, மற்ற குரல்களும் பின்னால் ஓடின. ஆராதனை பன்னிரண்டு நிமிடம் முன்னதாக முடிந்தது. சபைக்கு ஒரே சந்தோஷம். கறிக்கடையில் கூட்டம் சேருமுன் போய் நின்றார்கள். பெஞ்சில் சொட்டியிருந்த ரத்தத்தைத் தாண்டித்தான் போனார்கள், சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு. சீ!

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு பாலாமணி கொழுந்துக்கூடையோடு மலைச்சரிவில் மயங்கி விழுந்தாள். எஸ்டேட் நர்ஸ் பாட்டை விடச் சொன்னாள். அன்று சாயங்காலமே பாலாமணி எல்சா வீட்டுக்கு வந்தாள். "பாட்டை உட மாட்டேன் கண்ணு. எனக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதான். கொஞ்சம் எடம் மட்டும் உடு" என்றாள். எல்சாவுக்குத் தன் விரல்களைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. அவள் ஒரு வரியை மாற்றினாள். ஆல்ட்டோ இருபதுக்குப் போயிற்று, பெனிஸ் பாடும் ஆண்குரல் வரியான டெனர் ஒன்பதுக்கு வந்தது. பக்கம் ஒன்றேதான்.

கிறிஸ்துமஸ் ஆராதனையில் நேரலை ஓடிக்கொண்டிருக்கும்போதே பெனிஸின் கீழுதட்டில் ஒன்று தொங்கியது. மூன்று மாதம் பாலாமணியின் கழுத்தைப் பார்த்துக்கொண்டே தாளம் போட்ட மனுஷன், ஒரே கடிக்குக் கத்தினார். மத்தியானம் உதட்டில் பஞ்சோடு எல்சா வீட்டு வாசலில் நின்றார். "ஏனுங்க, ரெண்டு பக்கமாவே போட்ருங்க."

ஜனவரியில் சபைக் கமிட்டி கூடியது. ஆராதனை மறுபடி நீள்கிறது என்று புகார் வந்தது. அப்பமும் ரசமும் கொடுத்து நேரமாகும் திருவிருந்து ஞாயிறுகளில் மட்டுமாவது ஆல்ட்டோவை நசுக்கிய பழைய ஒரு பக்கத் தாளை வைத்துக்கொள்ளலாமே, பாலாமணிக்குத்தான் பழகிவிட்டதே என்றார் ஒருவர். பதினோரு கை உயர்ந்தது. வாய் கூசவில்லை, கையும் கூசவில்லை. எல்சா லேப்டாப்பைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"சரிங்க. எந்தக் குரலை நசுக்கறதுன்னு உங்க ஊட்டுல பாடுறவங்க பேரைச் சொல்லுங்க. ஒரு வரிதான், இப்பவே மாத்திடறேன்."

உயர்ந்த கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. கடைசி பெஞ்சிலிருந்து பாலாமணி எழுந்து, "அப்ப ரெண்டு பக்கம்தானுங்களே" என்றாள். மறுப்பு இல்லாததால் அதுவே தீர்மானமாக எழுதப்பட்டது. அடுத்ததாகக் கழிப்பறைக் கூரையைப் பற்றிப் பேசினார்கள்.